குளூட்டன் இல்லாத பொரிக்கட்டி: கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

சீரியல் பொரியோடு மார்ஷ்மெல்லோவை உருக்கிச் சேர்த்துக் கட்டியாக வெட்டும் பலகாரம், 1939-ல் அமெரிக்காவின் பேட்டில் கிரீக் நகரில் கெல்லாக்ஸ் நிறுவனத்தின் சமையலறையில் பிறந்தது. நம் பொரி உருண்டை அதைவிட மூத்தது. இரண்டிலும் வேலை ஒன்றுதான்: காய்ந்த பொரியை இனிப்புப் பாகால் ஒட்ட வைப்பது. அதனால் கெடுகிற இடங்களும் ஏறக்குறைய ஒன்றே.

மலேசியாவின் சுங்கை சிப்புட், பீடோங் போன்ற தோட்டப் பட்டணங்களில் மளிகைக் கடையிலும் பேக்கரி சாமான் கடையிலும் கிடைப்பதை வைத்தே இந்தக் கணக்கு. 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டு ஒன்றுக்கு: அரிசிப்பொரி 100 கிராம் (பொரியின் பருமனைப் பொறுத்து 6 முதல் 7 கப் வரும்; கப்பை நம்பாமல் நிறுத்துக்கொள்ளுங்கள்), வெல்லம் 170 கிராம், தண்ணீர் 60 மில்லி, குளுக்கோஸ் பாகு 40 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், ஏலக்காய் நான்கு. பொரியிலேயே உப்பு இருக்கும், தனியாக வேண்டாம். வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, குளுக்கோஸ் பாகு சேர்த்துக் கொதிக்கவிட்டு, 118 முதல் 120 டிகிரி செல்சியஸ் வந்ததும் அடுப்பை அணைத்து, வெண்ணெயும் ஏலப்பொடியும் கலந்து, பொரியைக் கொட்டிக் கிளறித் தட்டில் பரப்ப வேண்டும். மார்ஷ்மெல்லோவில் செய்வதானால் பொரி அதே 100 கிராம், மார்ஷ்மெல்லோ 200 கிராம், வெண்ணெய் 40 கிராம்.

இனி, எது சரியாக வரவில்லையோ அந்த இடத்துக்குப் போங்கள்.

"அரிசிதானே, ஆனாலும் பிள்ளைக்கு வயிற்றைக் கலக்குகிறது"

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மற்றக் கோளாறுகளைச் செய்த பிறகும் ஓரளவு திருத்தலாம். குளூட்டன் (கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள புரதம்) கலந்துவிட்டால் அந்தத் தட்டைச் சீலியாக் நோய் உள்ளவருக்குக் கொடுக்கவே கூடாது. ஒரு துண்டுதானே என்ற சமாதானம் இங்கே செல்லாது. அவர்களுக்கு அது சிறுகுடலின் உட்சுவரையே புண்ணாக்கும்.

அரிசியில் குளூட்டன் கிடையாது. பூலுட் என்னும் ஒட்டரிசியிலும் கிடையாது; ஆங்கிலப் பெயரில் 'குளூட்டினஸ்' என்று இருப்பதால் பலர் பயந்து ஒதுக்குகிறார்கள், அது ஒட்டுகிற தன்மையைச் சொல்லும் பெயர், அவ்வளவுதான். உண்மையான ஆபத்து டப்பாவில் வரும் அரிசி சீரியலில் இருக்கிறது. மொறுமொறுப்பான அரிசி சீரியல்களில் பெரும்பாலானவற்றில் நிறத்துக்கும் மணத்துக்கும் பார்லி மால்ட் (முளைகட்டிய பார்லி) சாறு சேர்க்கிறார்கள். பார்லியில் குளூட்டன் உண்டு. முன்பக்கத்தில் அரிசிப் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் பின்பக்கம் திருப்பிப் படிக்காமல் வாங்காதீர்கள்.

மலாய் லேபிளில் தேட வேண்டிய சொற்கள்: கண்டும் (கோதுமை), பார்லி, எக்ஸ்ட்ராக் மால்ட் (மால்ட் சாறு), ராய் (ரை தானியம்), ஓட் (ஓட்ஸ்). மலேசியாவின் 1985 உணவு ஒழுங்குவிதிகளின்படி குளூட்டன் உள்ள தானியங்களை லேபிளில் அறிவித்தே ஆக வேண்டும். அதனால் பட்டியலின் கீழே 'மெங்கண்டுங்கி' (அடங்கியுள்ளது) என்று தொடங்கும் வரியை முதலில் பாருங்கள். 'பேபாஸ் குளூட்டன்' (குளூட்டன் இல்லாதது) என்று எழுதியிருந்தால் நல்லது. கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவுத் தரத்தின்படி, ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் போகாத பொருளே அந்தப் பெயருக்கு உரியது.

சாக்லேட் சுவைக்காக மைலோ தூவும் பழக்கம் நம் வீடுகளில் அதிகம். மைலோவில் பார்லி மால்ட் இருக்கிறது. ஹார்லிக்ஸில் கோதுமையும் பார்லி மால்ட்டும் இரண்டுமே இருக்கின்றன. அதற்குப் பதிலாக இனிப்பில்லாத கோகோ தூள் 15 கிராம் போதும். அதை வெண்ணெயோடு குழைத்துப் பாகில் சேர்த்தால் திரளாது.

பொரி சுத்தமாக இருந்தும் கோளாறு வந்தால் கடையையும் கரண்டியையும் சந்தேகியுங்கள். மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துத் தரும் பொரிக்குப் பக்கத்து மூட்டை ரவையாகவோ ஆட்டா மாவாகவோ இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே அள்ளுகரண்டியாகவும் இருக்கலாம். ஆலையில் ஒட்டிய பொட்டலமே நல்லது. வீட்டில், ரவை வறுத்த குவாலி (வாணலி), சப்பாத்தி மாவு தேய்த்த பலகை, மாவு சலித்த சல்லடை, பழைய மரக்கரண்டி ஆகியவற்றைத் தொடாதீர்கள். சல்லடைக் கண்ணிலும் மரக் கீறலிலும் மாவு எவ்வளவு கழுவினாலும் தங்கும். எவர்சில்வர் சட்டி, சிலிக்கோன் கரண்டி, தட்டில் புதிய பேக்கிங் தாள் என்று வைத்துக்கொண்டால் கவலை இல்லை.

பொரி மென்றால் ரப்பர் மாதிரி இழுக்கிறது

பொரி நமத்துப்போயிருக்கிறது. சரஸ்வதி பூசைக்கு வாங்கி மிஞ்சிய பொரியைத் தீபாவளிக்குக் கட்டியாக்கலாம் என்று எடுத்தால் பெரும்பாலும் இந்த நிலையில்தான் இருக்கும். ஒரு பொரியைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பாருங்கள். நல்ல பொரி 'படக்'கென்று உடைந்து தூளாகும். நமத்த பொரி சப்பையாகி, விரலை எடுத்ததும் மெல்ல மேலே எழும். அப்படி எழுந்தால் பாகு எவ்வளவு சரியாக இருந்தாலும் பயனில்லை.

அவன் அடுப்பை 100 டிகிரியில் வைத்து, பொரியை ஒரே அடுக்காகப் பரப்பி, பத்து நிமிடம் காய வையுங்கள். அவன் இல்லையென்றால் அடிகனமான குவாலியில் சிறு தீயில் ஐந்தாறு நிமிடம் கைவிடாமல் புரட்டலாம். நிறம் மாறக்கூடாது. சூட்டோடு சோதிக்காதீர்கள், இரண்டு நிமிடம் ஆறவிட்டு விரலால் நசுக்கிப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த பொரி கையில் அள்ளும்போதே சலசலக்கும்.

காய்ந்த பொரி இளஞ்சூடாக இருக்கும்போதே பாகில் சேர்ப்பது நல்லது. முழுக்க ஆறிய பொரி பாகின் சூட்டை ஒரே நொடியில் குடித்துவிடும். பாகு ஒரு பக்கம் உறைந்து மறுபக்கம் பொரி வெறுமையாக நிற்பது பெரும்பாலும் இதனால்தான்.

வெட்டினால் உதிர்கிறது, உருட்டினால் நிற்கவில்லை

மூன்று காரணங்கள். பொரி அதிகம், பாகு பதம் வரவில்லை, அல்லது அழுத்தம் போதவில்லை. கப் கணக்கில் அளந்தவர்களுக்கு முதல் காரணம், வெப்பமானி இல்லாதவர்களுக்கு இரண்டாவது.

வெப்பமானி இல்லாமல் பதம் பார்க்க, அடுப்பருகே ஒரு கிண்ணத்தில் குளிர்ந்த தண்ணீர் வையுங்கள். கொதிக்கும் பாகிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அந்தத் தண்ணீரில் விடுங்கள். கரைந்து பழுப்பாகப் பரவினால் பதம் இன்னும் தொலைவு. அடியில் இறங்கி, விரலால் சேர்த்தால் திரண்டு, கையில் எடுத்ததும் தளர்ந்து சப்பையானால் 114 டிகிரி சுமார். கட்டிக்கு இதுவும் போதாது. எடுத்த பிறகும் வடிவம் மாறாமல் நின்று, அழுத்தினால் மட்டும் அமுங்கினால் 120-ஐ ஒட்டி வந்துவிட்டது. கட்டிக்கு அதுதான் பதம். அதே உருண்டையைத் தட்டில் போட்டால் 'டங்'கென்று கேட்டால் 130 அளவுக்கு ஏறியிருக்கும். அது பொரி உருண்டைக்கு உரிய பதம். சொட்டு விட்டுப் பார்க்கும் நேரத்தில் தீயைக் குறைத்துவிடுங்கள். நீங்கள் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த அரை நிமிடத்தில் சட்டியில் ஐந்து டிகிரி ஏறிவிடும்.

வெப்பமானி வைத்திருந்தும் பதம் தவறுகிறதென்றால் அதைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்துப் பாருங்கள். சுங்கை சிப்புட் போன்ற தாழ்ந்த ஊரில் 100 காட்ட வேண்டும். 97 காட்டினால் எல்லாப் பதத்திலும் மூன்றைக் கழித்துக்கொள்ளுங்கள். கேமரன் மலையில் தேயிலைத் தோட்டப் பக்கம் இருப்பவர்களுக்கு வெப்பமானி சரியாகவே இருந்தாலும் தண்ணீர் 95 டிகிரி அளவிலேயே கொதிக்கும். அங்கே 120-க்குப் பதில் 115-ல் நிறுத்த வேண்டும். தாழ்ந்த ஊருக்கான கணக்கை அப்படியே மலையில் செய்தால் கட்டி கல்லாகும்.

உதிர்ந்த தட்டைத் தூக்கிப் போட வேண்டாம். 50 கிராம் வெல்லத்தில் 20 மில்லி தண்ணீர் விட்டு 120 வரை காய்ச்சி, உதிர்ந்ததை அதில் போட்டுப் புரட்டி, மீண்டும் தட்டில் அழுத்துங்கள். கொஞ்சம் இனிப்பு கூடும், ஆனால் நிற்கும்.

பல் உடையும்போல் கல்லாக இருக்கிறது

பாகு முற்றியது. அல்லது பதம் வந்த பிறகு பாகைச் சட்டியிலேயே விட்டுவிட்டுத் தட்டைத் தேடப் போனது. அடிகனமான சட்டி அடுப்பை அணைத்த பிறகும் சூட்டை விடாது. தட்டு, தாள், நெய் தடவிய கரண்டி எல்லாம் பாகு வைக்கும் முன்பே தயாராக இருக்க வேண்டும்.

பொரி சேர்க்கும் முன்பே முற்றியது தெரிந்தால் காப்பாற்றலாம். தீயை அணைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு, சட்டி ஓரமாக இரண்டு மேசைக்கரண்டி வெந்நீர் விடுங்கள். பொங்கிச் சீறும், பாகுச் சூடு தோலைப் பிய்த்துவிடும், பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக்கூடாது. அடங்கியதும் மீண்டும் காய்ச்சி 120-ல் நிறுத்துங்கள். ஆனால் கசப்பு வாடை வந்துவிட்டால் விட்டுவிடுங்கள். கருகிய வெல்லத்துக்கு ஏலக்காய் மருந்தல்ல.

கட்டியான பிறகு தெரிந்தால், 120 டிகிரி அவனில் ஐந்து நிமிடம் வைத்து இளக்கிச் சிறு சிறு துண்டாக வெட்டிக்கொள்ளலாம். அல்லது தூளாக உடைத்து ஐஸ் கச்சாங் (துருவிய ஐஸ் இனிப்பு) மேல் தூவலாம், அருமையாக இருக்கும்.

பாகு சரியாக இருந்தும் கட்டி கெட்டியாக வந்தால் கை பலத்தைக் குறைக்க வேண்டும். தட்டில் பரப்பியபின் நெய் தடவிய தாளை மேலே வைத்து உள்ளங்கையால் சமப்படுத்தினால் போதும். ஏறி மிதிப்பதுபோல் அழுத்தினால் பொரிக்குள் இருக்கும் காற்றறைகள் நொறுங்கிப் பாகு மட்டும்தான் மிஞ்சும்.

நறநறவென்று மணல் மாதிரி கடிபடுகிறது

முதலில் அது உண்மையான மணலா என்று பாருங்கள். பொரி சூடான மணலில் பொரிக்கப்படுவது. வெல்லத்திலும் தூசி இருக்கும். பொரியைப் புதிய கம்பிச் சல்லடையில் குலுக்கினால் அடியில் வந்துவிடும். கரைத்த வெல்லத்தை மெல்லிய துணியில் வடிகட்டாமல் கொதிக்க வைக்கவே கூடாது.

மணல் இல்லை, ஆனால் நாக்கில் கரையும் நறநறப்பு என்றால் பாகில் சீனி பூத்துவிட்டது. கொதிக்கத் தொடங்கிய பிறகு கரண்டி போட்டுக் கலக்கியதும், சட்டிச் சுவரில் ஒட்டிய படிகம் பாகில் விழுந்ததும் இதற்குக் காரணம். ஒரு படிகம் விழுந்தால் மற்றவை அதைச் சுற்றிக் கூடும். வெல்லம் கரையும் வரை கலக்கலாம். கொதி வந்தபின் கரண்டியை எடுத்துவிடுங்கள். சுவரில் தெறித்ததை ஈரத் தூரிகையால் கீழே இறக்குங்கள். குளுக்கோஸ் பாகு சேர்ப்பதும் இதைத் தடுக்கத்தான். அது இல்லையென்றால் அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு அந்த வேலையைச் செய்யும்.

பூத்த பாகுக்கு மருந்தும் எளிது. நான்கு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு முழுக்கக் கரைய விட்டு, எலுமிச்சை சேர்த்து, முதலிலிருந்து காய்ச்சுங்கள்.

செய்த அன்று நன்றாக இருந்தது, மறுநாள் பிசுபிசுக்கிறது

நம் ஊரில் அதிகம் கேட்கும் குறை இது. அக்டோபர், நவம்பரில் மாலையானால் மழை. தீபாவளிப் பலகாரம் செய்வதும் அப்போதுதான். சீனி எந்த வடிவில் இருந்தாலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். குளுக்கோஸ் பாகும் தேனும் இன்னும் அதிகமாக இழுக்கும். அதனால்தான் பூப்பதைத் தடுக்கச் சேர்க்கும் குளுக்கோஸை 40 கிராமுக்கு மேல் ஏற்றக்கூடாது. குலா மெலாக்கா (தென்னை வெல்லம்) மணத்துக்கு ஈடில்லை, ஆனால் முழுக்க அதிலேயே செய்த கட்டி சீக்கிரம் கசியும். பாதி குலா மெலாக்கா, பாதி வெள்ளைச் சீனி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மழை நாளில் பாகை இரண்டு மூன்று டிகிரி கூட்டி 122, 123 வரை கொண்டுபோகலாம். தட்டை மின்விசிறிக்கு அடியில் முழுக்க ஆறவிடுங்கள், ஒரு மணி நேரமாவது. வெதுவெதுப்போடு டின்னில் அடைத்தால் மூடியின் உட்புறம் வியர்த்து, அந்தத் தண்ணீரே பொரியை நமக்க வைக்கும். அடுக்குகளுக்கு நடுவே தாள் போட்டு, மூடி இறுக்கமான சிறு டின்களில் பிரித்து வையுங்கள். ஒரே பெரிய டின் என்றால் நாளுக்கு இருபது தடவை திறப்பார்கள். குளிர்பெட்டி வேண்டாம், வெளியே எடுத்ததும் கட்டியின் மேல் நீர் கோத்துக்கொள்ளும்.

வெண்ணெய்க்குப் பதில் கொழுப்பு குறைத்த மாஜரின் போட்டிருந்தாலும் இதே பிசுபிசுப்பு வரும், அதில் தண்ணீர் அதிகம்.

பிசுபிசுத்த கட்டியை 100 டிகிரி அவனில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் ஒரு நாளைக்குத் தாங்கும்.

மார்ஷ்மெல்லோ கட்டியாகவே நிற்கிறது, அல்லது கட்டி இழுபடாமல் இறுகிவிடுகிறது

இரண்டுக்கும் தீதான் காரணம். பெருந்தீயில் வெளிப்பக்கம் வற்றி உட்பக்கம் உருகாமல் நிற்கும். வெண்ணெயை முதலில் உருக்கி, மிகச் சிறு தீயில் மார்ஷ்மெல்லோவைப் போட்டு, கால்வாசி இன்னும் முழுதாகத் தெரியும்போதே அடுப்பை அணைத்து, மிச்சத்தைச் சட்டிச் சூட்டிலேயே கலக்கி உருக்குங்கள். பழைய, வெளித்தோல் காய்ந்த மார்ஷ்மெல்லோ எப்படிச் செய்தாலும் சரியாக உருகாது. பொட்டலத்தில் கிள்ளிப் பார்த்து மெத்தென்று இருப்பதை வாங்குங்கள். லேபிளில் 'கஞ்சி ஜாகோங்' என்றால் சோளமாவு, பிரச்சினை இல்லை. 'கஞ்சி கண்டும்' என்றால் கோதுமை, வாங்காமல் வைத்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இங்கே ஹலால் முத்திரையோடு வரும் மார்ஷ்மெல்லோவில் பெரும்பாலும் மாட்டு ஜெலட்டின் இருக்கும். தட்டில் வைத்தால் ஆயாவும் தாத்தாவும் தெரியாமல் எடுத்துச் சாப்பிடுவார்கள். லேபிளில் 'ஜெலட்டின் லெம்பு' என்று இருந்தால் அது மாடு, 'ஜெலட்டின் ஈக்கான்' என்றால் மீன். சைவம் உண்பவர்கள் இருக்கும் வீட்டுக்கு வெல்லப் பாகே முறையானது. சுவையிலும் அதுதான் மேல் என்பது எங்கள் கருத்து.

வெட்டும்போது நொறுங்கி ஓரம் பிய்கிறது

முழுக்க ஆறியபின் வெட்டியிருக்கிறீர்கள். தட்டில் பரப்பிப் பத்து நிமிடத்தில், தொட்டால் சூடு தாங்கும் நிலையில், நெய் தடவிய கத்தியால் நேரே கீழ்நோக்கி அழுத்தி வெட்டுங்கள், ரம்பம்போல் இழுக்கக்கூடாது. உருண்டையானால் கையில் நெய்தான் தடவ வேண்டும், தண்ணீர் தொட்டால் தொட்ட இடமெல்லாம் நமத்துவிடும்.

வீட்டில் சாப்பிட்டால் ஒன்றுமில்லை, விருந்தில் சாப்பிட்டால் கோளாறு

கட்டியில் பிழை இல்லை, தட்டில் பிழை. திறந்த இல்ல உபசரிப்பில் பிஸ்கட், சூஜி உருண்டை, முறுக்கு எல்லாம் ஒரே தாம்பாளத்தில் அடுக்கப்படும். பிஸ்கட் தூள் ஒன்று விழுந்தாலும் போதும். முறுக்கு அரிசி மாவுதானே என்று அதையும் சேர்த்துவிடாதீர்கள். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். குளூட்டன் ஆகாத பிள்ளைக்கென்று செய்த கட்டியை ஒவ்வொன்றாகத் தாளில் சுற்றி, வேறு நிற மூடி போட்ட டின்னில் பிள்ளையின் பெயரை ஒட்டி, தாம்பாளம் இருக்கும் மேசைக்கு வராமல் அலமாரியில் வையுங்கள். மற்றவர்களுக்கும் அதே கட்டி வேண்டுமென்றால் அவர்களுக்கு இன்னொரு தட்டு செய்யுங்கள், 100 கிராம் பொரிதானே.